புஜ் கடைத்தெருவில் இருபத்தைந்து நிமிடம்

1994 நோன்பு மாதத்தில், குஜராத்தின் பாலைவன எல்லையோரம் இருக்கும் புஜ் நகரத்துக்குப் போனோம். ஓசூரில் ஜவுளிக்கடை வைத்திருந்த என் கணவர், பெருநாள் விற்பனைக்குக் கண்ணாடி பதித்த துணிகள் வாங்கக் கிளம்பினார், நானும் கூடவே. எனக்கு மாதவிலக்கு நின்ற முதல் வருடம் அது. வயதுக்கு வந்ததிலிருந்து ஒருமுறைகூட மாதம் முழுக்க விடாமல் நோன்பு பிடித்ததில்லை. இந்தத் தடவை ஒன்றும் விடுவதில்லை என்று உறுதியாக இருந்தேன்.

"பயணத்துல விட்டுட்டு அப்புறம் பிடிச்சுக்கலாம், மார்க்கத்துலயே இருக்குது" என்றார்.

"நீங்க விடுங்க. டீ இல்லாம உங்களால பஸ் ஏற முடியாதே."

பெங்களூரிலிருந்து மும்பைக்கு ஒரு நாள் ரயில், அங்கிருந்து காந்திதாமுக்கு இன்னொன்று. பிறகு பஸ்: அறுபது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், ஆளுக்குப் பதினான்கு ரூபாய். ரயிலில் சூரியன் மறைவதைப் பார்த்து நோன்பு திறந்தேன். புஜ்ஜில் லாட்ஜ் அறைக்கு நூறு ரூபாய். வெந்நீர் உண்டு, ஜன்னல் கிடையாது. ஓசூர் பள்ளிவாசலில் கொடுத்த நேர அட்டையைப் பார்த்து 6.25க்குத் திறந்தேன். வெகுநேரம் கழித்துத்தான் பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. இந்த ஊரில் எல்லாமே தாமதம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் முழுக்கக் கடைத்தெரு. நாலு கடைக்கு ஒரு பள்ளிவாசல் என்று சொல்லலாம். வெயிலுக்குப் படுதா கட்டிய சந்தில் ஹலீமா என்பவரின் துணிக்கடை. எங்கள் ஓசூர் உருதுவை வைத்தே பேரம் பேசிவிட்டேன். 6.25 ஆனதும் பேரீச்சம்பழத்தை வாயருகே கொண்டுபோனேன். அவர் சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"என்னக்கா அவசரம்? இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு."

"அட்டையில போட்டிருக்கே!"

"எந்த ஊர் அட்டை?"

"ஓசூர்."

"அப்ப ஓசூர்ல போய்த் திறங்க. நாங்க மேற்குக் கடைசி. இங்க சூரியன் நிதானமாத்தான் இறங்கும்."

சந்து முனைக்கு இழுத்துப்போய்க் காட்டினார். வீட்டுக் கூரைகளுக்கு மேலே சூரியன் மஞ்சளாக நின்றது. அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைய நோன்பு தப்பித்தது, சூரியன் மறையுமுன் திறந்த நேற்றையது போய்விட்டது.

"தெரியாமத்தானே செஞ்ச?" என்றார் என் கணவர்.

"தெரியாம விட்டாலும் விட்டதுதாங்க."

ஹலீமா கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, பாங்கு சொல்லும்வரை என்னோடு அங்கேயே நின்றார்.

போகிறவர்கள் பிப்ரவரிக்குள் போய்விடுங்கள். பிறகு வெயில் தாங்காது. துணியைப் பெரிய வீதியில் வாங்காமல் சந்துக்குள் வாங்குங்கள். நோன்போடு போனால், இறங்கியதும் அந்த ஊர் நேரத்தைக் கேளுங்கள்.

பெருநாள் முடிந்த மூன்றாம் நாள், பக்கத்து வீடுகளில் பிரியாணி மணக்க, விட்டுப்போன அந்த ஒன்றைப் பிடித்தேன். பாங்கு தொடங்கியதும் திறப்பதுதான் சுன்னத், நபிவழி. அன்றைக்குப் பாங்கு சொல்லி முடியும்வரை எனக்குக் கை வரவில்லை.