புற்றுக்கு முன்னால் கழற்றிய பூட்ஸ்

பாம்பு பிடிக்கிற வேலைக்கு என்ன வாங்கலாம், போட்ட காசுக்கு எது உழைக்கும் என்று யாராவது கேட்டுவிட்டால் எனக்கு வாய் நிற்காது. கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரி அட்டிகையைப் பற்றிப் பேசுவாள், நான் கொக்கியைப் பற்றிப் பேசுவேன். பன்னிரண்டு வருஷமாக இந்தச் சிங்கப்பூரில் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, மழைநீர்க் கால்வாயில், குப்பை அறையில், ஒரு தடவை ஒரு சீன ஆண்ட்டியின் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் என்று பிடித்துக்கொண்டே இருக்கிறேன். கூட வேலை பார்த்தவன் என் சொந்தத் தம்பி. அவனுடைய வலது காலுக்கு என்ன ஆனது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் சாமான்களில்தான் ஆரம்பிப்பேன். அதைப் பற்றி மட்டும்தான் எனக்கு நெஞ்சு உறுத்தாமல் பேச வரும்.

முதலில் கொக்கி. ஆரம்பத்தில் மலிவாக ஒன்று வாங்கினேன். பாசிர் ரிஸ்ஸில் ஒரு கால்வாய்க்குள் கிடந்த மலைப்பாம்பைத் தூக்கினேன், பாம்பு அங்கேயே கிடந்தது, கொக்கி வளைந்து என்னைப் பார்த்தது. "அக்கா, இது கைலி காயப்போடத்தான் ஆகும் லா" என்றான் தம்பி. அடுத்ததை நல்லதாக வாங்கினேன். பத்து வருஷம் ஆகிறது, இன்னும் நேராக இருக்கிறது.

அப்புறம் பை. வெளிநாட்டுப் பையெல்லாம் வாங்கிப் பார்த்தாயிற்று, மூலையில் தையல் விட்டுவிடும். பாம்புக்கு மூலை என்றால் உயிர். கடைசியில் லிட்டில் இந்தியாவில் ரவிக்கை தைக்கிற ஒரு டெய்லரிடம் கெட்டித் துணியைக் கொடுத்து, ஓரமெல்லாம் மடித்து இரட்டைத் தையல் போடச் சொன்னேன். "என்ன மேடம், அரிசி கொட்டி வைக்கவா" என்றார். பாம்பு என்றேன். ஊசியை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார், பிறகு மூன்றாவது தையலும் போட்டுக் கொடுத்தார். அந்தப் பைகளில் ஒன்றுகூட இதுவரை என்னைக் கைவிட்டதில்லை.

கண்ணாடிக்குப் பேரம் பேசவே கூடாது. இங்கே இருக்கிற கருநாகம் கடிப்பதற்கு முன்னால் துப்பும், அதுவும் முகத்தைப் பார்த்துத் துப்பும். நீச்சல்காரர்கள் போடுவதுபோலக் கண்ணைச் சுற்றி ஒட்டி நிற்கிற கண்ணாடி வேண்டும். ஒரு தடவை என்னுடையதில் இரண்டு சொட்டு விழுந்தது. அதைக் குழாயடியில் மூன்று தடவை கழுவினேன். எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிற தம்பி அன்றைக்குச் சிரிக்கவில்லை.

இதற்கெல்லாம் மேலே பூட்ஸ். கணுக்காலை மூடுகிற தோல் பூட்ஸ், அதற்கு மேல் முழங்கால்வரை பட்டை போட்டு இறுக்குகிற கால்கவசம். எங்கள் கம்பெனி ரப்பர் பூட்ஸ்தான் கொடுத்தது. அது மழைக்கு ஆகும், பல்லுக்கு ஆகாது. நான் என் கைக்காசைப் போட்டு இரண்டு ஜோடி வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். விலையைக் கேட்டதும் தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்தக் காசுக்கு ஃபிரிட்ஜ் வாங்கியிருக்கலாம் என்று ஒரு வாரம் முனகினான். முனகட்டும் என்று விட்டுவிட்டேன். தினமும் அவன் வேனிலிருந்து இறங்குவதற்கு முன்னால் பட்டையை நானே ஒரு தடவை இழுத்துப் பார்ப்பேன். அவனுக்கு முப்பத்தெட்டு வயசு, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், ஆனாலும் என் முன்னால் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஊரில் யார் சொன்னாலும் கேட்காதவன், நான் சொன்னால் கேட்பான். அதுதான் அவனுக்கு வினையாகிப் போயிற்று.

அன்றைக்கு ஆடி வெள்ளி, காலை பத்து மணி இருக்கும். புக்கிட் பாத்தோக்கில் ஒரு புளோக்குக்குப் பின்னால் மேடு, மேட்டுக்குப் பின்னால் காடு. பிள்ளைகள் விளையாடுகிற இடத்துக்குப் பக்கத்தில் கருநாகத்தைப் பார்த்ததாக யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். வேனை நிறுத்திவிட்டுச் சிமெண்டுப் பாதையில் ஏறினோம். பாதை முடிகிற இடத்தில் எனக்கு மஞ்சள் வாசம் அடித்தது, கூடவே கற்பூர வாசம்.

மேட்டு ஓரத்தில் ஒரு கரையான் புற்று. யாரோ அதற்கு மஞ்சள் துணி சுற்றி, குங்குமம் வைத்து, முன்னால் கல் பரப்பி ஒரு குட்டிக் கோயிலாகவே ஆக்கிவிட்டிருந்தார்கள். முட்டைகள் இருந்தன, சில உடைந்திருந்தன. பால் ஊற்றி ஊற்றி மண்ணெல்லாம் வழவழவென்று கிடந்தது, புளித்த நாற்றம் வேறு. முட்டைக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். இவர்களே கூப்பிட்டு விருந்து வைத்துவிட்டு, வந்துவிட்டது என்று கும்பிடுகிறார்கள் என்று எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. மூன்று பெண்கள் அங்கே நின்றிருந்தார்கள், மூன்று பேரும் தமிழ்ப் பெண்கள்தான். கையில் பால் பாக்கெட் வைத்திருந்த பெரியம்மாதான் பேசினார்.

"பிடிக்க வந்திருக்கீங்களா? அது ஒண்ணும் பண்ணாதும்மா. நாங்க அஞ்சு வாரமா வர்றோம்."

"பக்கத்துல பிள்ளைங்க விளையாடுதுங்க, ஆண்ட்டி. நாங்க அடிக்க மாட்டோம். பத்திரமா பிடிச்சு ஒப்படைச்சிடுவோம்."

அவர் அதற்குமேல் என்னோடு வாதாடவில்லை. தம்பியின் காலைப் பார்த்தார். "அப்ப கால்ல இருக்கறதைக் கழட்டிட்டு ஏறுப்பா. தோலு. சாமி இருக்கிற இடம்" என்றார்.

கல் பரப்பிய இடத்துக்கு ஓர் அடி முன்னால் தம்பி நின்றான். திரும்பி என்னைப் பார்த்தான். நான் முடியாது என்று சொல்ல வேண்டும், அந்தப் பெரியம்மாவிடம் கெட்ட பேரை நான் வாங்கிக்கொள்ள வேண்டும், அதற்காகத்தான் அவன் காத்திருந்தான். அது எனக்கு நன்றாகவே புரிந்தது. நாங்கள் எத்தனையோ வீடுகளில் செருப்பைக் கழட்டு என்று சொன்னவர்களிடம் சண்டை போட்டிருக்கிறோம். ஒரு முறை ஒரு பூஜை அறைக்குள்ளேயே பூட்ஸோடு போயிருக்கிறேன்.

இங்கே மட்டும் எனக்கு வாய் வரவில்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிள்ளை இல்லை. நாகத்தைப் பையில் போட்டுக் கட்டுகிறவளுக்குப் பிள்ளை எப்படித் தங்கும் என்று என் மாமியார் வீட்டில் என் காதுபடவே பேசுவார்கள். அதெல்லாம் மூடத்தனம் என்று நானும் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவேன். ஆனால் மஞ்சள் பூசின புற்றுக்கு முன்னால் நிற்கும்போது பயமாகத்தான் இருந்தது. இதற்கு மேலும் சாபம் வேண்டாம் என்றுதான் தோன்றியது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

"கழட்டிடுடா" என்றேன். "ரெண்டு நிமிஷ வேலை."

அவன் உட்கார்ந்து பட்டைகளை அவிழ்த்தான். கால்கவசம், பூட்ஸ், காலுறை எல்லாவற்றையும் புல்மேல் வரிசையாக வைத்தான். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, கொக்கியை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறினான். பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் பையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு பாதையில் நின்றேன்.

பாம்பு மஞ்சள் துணிக்கு அடியில்தான் இருந்தது. துணியைக் கொக்கியால் விலக்கியதும் கறுப்பாக ஓர் அடி உயரத்துக்கு எழுந்து படம் விரித்தது. சும்மா சொல்லக்கூடாது, அவன் கை அன்றைக்கும் சுத்தமாகத்தான் இருந்தது. நிதானமாகக் கொக்கியை நடு உடம்புக்குக் கீழே கொண்டுபோனான். அது துப்பியது. கண்ணாடி முழுக்க விழுந்தது, கண்ணில் ஒரு சொட்டுகூடப் படவில்லை. ஆனால் எதிரே இருப்பது அவனுக்குத் தெரியாமல் போயிற்று. இந்த மாதிரி நேரத்தில் எப்போதும் செய்வதுபோல ஓர் அடி பின்னால் வைத்தான். பால் ஊறின மண்ணில் வெறுங்கால் வழுக்கியது. ஒரு காலை மடக்கி உட்கார்ந்துவிட்டான், வலது கால் முன்னால் நீண்டுவிட்டது.

"அக்கா, சுருக்குன்னுது" என்றான், சாதாரணக் குரலில்.

கையைப் பிடித்து இழுத்துப் பாதையில் போட்டேன். பாம்பு புற்றுக்குள் போய்விட்டது. பாதத்தின் மேல்பக்கம், விரல்களுக்குச் சற்று மேலே, இரண்டு சின்னப் புள்ளி. காலை அசைக்காதே என்று அவனிடம் சொல்லிக்கொண்டே ஆம்புலன்சுக்கு அழைத்தேன். அந்தப் பெண்களில் ஒருத்தி அழுதாள். பெரியம்மா மஞ்சளைக் குழைத்துக் கொண்டுவந்து கடிவாயில் வைக்கப் பார்த்தார். அவர் கையைத் தட்டிவிட்டேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன். எனக்கு வர வேண்டிய திட்டையும் சேர்த்து அவரையே திட்டினேன்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் கால் ரொட்டி மாவு மாதிரி உப்பிவிட்டது. வண்டியில் போகும்போது அவனுக்கு இமை தொங்க ஆரம்பித்தது. பேசு, பேசு என்று உலுக்கிக்கொண்டே போனேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவன் செய்த ஒவ்வொரு திருட்டுத்தனத்தையும் சொல்லித் திட்டினேன், பதிலுக்காவது வாயைத் திறப்பான் என்று. அவன் என் விரலை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மருந்து ஏற்றினார்கள், உயிர் தங்கியது. கால்தான் நாளுக்கு நாள் கறுத்தது. சுண்டுவிரலையும் அதற்கு அடுத்ததையும் எடுத்தார்கள், தொடையிலிருந்து தோலை எடுத்துப் பாதத்தில் ஒட்டினார்கள். இனிமேல் அரைமணி நேரத்துக்குமேல் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டுத் தம்பி தலையாட்டினான். அவன் பெண்டாட்டி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் எங்கள் மேலதிகாரி வார்டுக்கு வந்தார். நல்ல மனுஷர்தான், கையில் பழக்கூடையும் ஒரு படிவமும் கொண்டுவந்தார். எல்லாம் விசாரித்துவிட்டு, பூட்ஸைக் கழற்றச் சொன்னது யார் என்று கேட்டார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். ஆனால் எங்கள் இரண்டு பேரில் பொறுப்பாளர் நான். சொன்னால் என் வேலை போகும் என்பதும் அதே நிமிஷத்தில் எனக்குத் தெரிந்தது.

"யாரும் சொல்லல சார். நானேதான் கழட்டினேன்" என்றான் தம்பி. என் பக்கம் பார்க்காமல் சொன்னான்.

நான் ஆரஞ்சை உரித்து முடித்தேன். சுளை சுளையாகப் பிரித்து அவன் கையில் கொடுத்தேன். அவனும் வாங்கித் தின்றான். பாதுகாப்பு விதியை அவனே மீறினான் என்று படிவத்தில் எழுதினார்கள், கீழே சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். இரண்டு மாதத்தில் அவனுக்கு வேலை இல்லை என்று கடிதம் வந்தது. இப்போது துவாஸில் ஒரு கிடங்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற லாரிகளின் நம்பரை எழுதுகிறான். நான் அதே வேலையில், அதே வேனில் இருக்கிறேன்.

அன்றிலிருந்து அவன் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாப்பிடக் கூப்பிடுவான், நானும் போவேன். அவன் பெண்டாட்டி ஒவ்வொரு தடவையும் எனக்கென்று தனியாக மீன் எடுத்துவைப்பாள். நீங்கள் இல்லையென்றால் நானும் பிள்ளைகளும் என்ன ஆகியிருப்போம் அண்ணி, நீங்கள்தான் இழுத்துப் போட்டீர்கள் என்பாள். அதைக் கேட்டுக்கொண்டே இரண்டு வருஷம் அந்த மீனைத் தின்றேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு. மதியம், பிள்ளைகள் கீழே விளையாடப் போயிருந்தார்கள், தம்பி உள்ளே படுத்திருந்தான். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே மறுபடி அதையே ஆரம்பித்தாள். நான் தட்டிலிருந்து கையை எடுத்தேன்.

"அவனைக் கழட்டச் சொன்னது நான்தான்" என்றேன்.

அவள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். அப்புறம் மெதுவாக, எனக்கு ஒரு வழி விட்டுக் கொடுப்பதுபோலத்தான் கேட்டாள்.

"புத்தாச்சே அண்ணி. சாமி இடம். நீங்களும் கழட்டியிருப்பீங்க, இல்ல?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"இல்ல" என்றேன். "நான் பாதையிலதான் நின்னேன். என் பூட்ஸ் என் கால்லயேதான் இருந்துச்சு."

அவள் கரண்டியைச் சட்டிக்குள் வைத்து மூடினாள். தட்டில் இருந்த மீனைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆறிடும், சாப்பிட்டுப் போங்க" என்றாள். அண்ணி என்று சேர்க்கவில்லை. அதற்குப் பிறகு நான்கு ஞாயிறு போய்விட்டது, இன்னும் சேர்க்கவில்லை.