ஊர் சுத்திப் பாக்கப் போறேன்

போன செவ்வாய்க்கிழமை மெட்ராஸில், ஒரு கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் நின்று ஒரு பொய் சொன்னேன். சின்னப் பொய்தான். மூன்றே வார்த்தை. அதற்கு இவ்வளவு பெரிய தண்டனை இருக்கும் என்று தெரிந்திருந்தால்... தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அதுதான் வருத்தம்.

இந்த இதழில் நான் எழுதிவரும் இந்தப் பத்தியில் எதைப் பற்றித்தான் எழுதவில்லை? டவுன் பஸ் கண்டக்டர், ஆற்றுப் பாலத்து நெரிசல், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மைக் மக்கர் செய்தது — எல்லாம் எழுதியாயிற்று. என் மனைவி எஸ்தரைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதியதில்லை. சார் பிரம்மச்சாரியா என்று கேட்டு ஒரு வாசகி கடிதமே போட்டிருந்தார்.

இல்லை அம்மா. கல்யாணமாகி ஒன்பது வருஷம். எஸ்தர் நர்ஸ். அமெரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. இரண்டு வருஷம் என்று சொல்லிப் போனாள், மூன்றரை ஆகிவிட்டது. நான் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் நடத்திக்கொண்டிருக்கிறேன். கூடவே போயிருக்கலாம். 'நர்ஸம்மா வீட்டுக்காரர்' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று போகவில்லை. போகாமலேயே அப்படித்தான் சொல்கிறார்கள், அது வேறு விஷயம்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. கடிதத்தில் எழுதவும் விஷயம் குறைவு. என் ஏர்மெயில்களில் முக்கால்வாசி தாமிரபரணிதான். 'அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். கார் நெல் நடவு ஆரம்பம். இங்கு அனைவரும் நலம்.' அனைவரும் என்றால் நான் ஒருத்தன். ஒருமுறை அவள் பதில் எழுதினாள்: 'ஆறு எப்படி இருக்குன்னு தெரிஞ்சுகிட்டேன். நீங்க எப்படி இருக்கீங்க?' அதற்கு நான் எழுதிய பதில் — மழை குறைவு என்பதாக ஞாபகம்.

இந்த வருஷ ஆரம்பத்தில் ஒரு கடிதம் வந்தது. ஆஸ்பத்திரியில் இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்களாம். போடுவதா, ஊருக்குத் திரும்புவதா என்று ஜூன் கடைசிக்குள் சொல்லியாக வேண்டும். 'இதை லெட்டர்ல பேச முடியாது. லீவு போட்டுட்டு ஒரு மாசம் வாங்க. என் முகத்தைப் பாத்து, வா, இல்ல இருன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. நீங்க சொல்லுத மாதிரி செய்யுதேன்.'

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை காகிதமும். பாஸ்போர்ட், சம்பளச் சான்றிதழ், வீட்டுப் பட்டா, கல்வி அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, சர்ச்சில் கொடுத்த கல்யாண சர்டிபிகேட்... ஒரு ரெக்ஸின் பை நிறைய. நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினேன்.

எதிர் சீட்டில் ஆழ்வார்குறிச்சிக்காரர் ஒருவர். உரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. அவர் மடியிலும் அதே மாதிரி ஒரு பை.

"என்ன சார்வாள், நீரும் விசாவுக்கா?"

"ஆமா அண்ணாச்சி."

"எனக்கு மவ அங்கன இருக்கா. தலைப் பிரசவம். நீரு யாரைப் பாக்கப் போறீரு?"

நேரான கேள்வி. பதிலும் நேரானதுதான். ஆனால் சுற்றி உட்கார்ந்திருந்த ஆறு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் பக்கத்து ஆம்பளை பெண்டாட்டியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவான். போய்க் கூட்டிக்கொண்டும் வருவான். பெண்டாட்டியைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது என்று சொல்லி ரயிலேறுவானா? அதுவும் அவள் சம்பாதிக்கிற இடத்துக்கு?

"சும்மா... ஊர் சுத்திப் பாக்க," என்றேன்.

"யோகக்காரரு வே நீரு!" என்று அண்ணாச்சி முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார்.

மறுநாள் விசா ஹாலிலும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவருடைய டோக்கன் எனக்கு முந்தியது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்கார அதிகாரி. அவர் கேட்பதை மைக்கில் தமிழில் சொல்ல ஒரு அம்மா. எதுக்குப் போறீங்க என்று கேட்டதுதான் தாமதம்.

"எம் மவளைப் பாக்கணும் தாயி. போன்ல அழுதா. நான் போயிப் பக்கத்துல நின்னாத்தான் அவளுக்குத் தெம்பு. பேரனைப் பாத்துட்டு ஓடி வந்துருவேன். இங்க கடையை யாரு பாப்பா?"

ஹாலே திரும்பிப் பார்த்தது. அண்ணாச்சி கூச்சமே படாமல் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விசா கிடைத்துவிட்டது.

அடுத்து நான்.

"எதுக்குப் போறீங்க?"

அண்ணாச்சி வெளியே போயிருக்கலாம். போகவில்லை. எனக்காகப் பின்னாலேயே நின்றார். ரயிலில் அவரிடம் ஒன்று, இங்கே ஒன்று என்று மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஊர் சுத்திப் பாக்க."

அதிகாரி படிவத்தைப் புரட்டினார். தங்கும் இடம் என்ற கட்டத்தில் எஸ்தரின் முகவரியை என் கையாலேயே எழுதியிருந்தேன். அவர் ஏதோ கேட்டார். அந்த அம்மா அதை ஹால் முழுக்கக் கேட்கும்படி மைக்கில் சொன்னார்.

"உங்க மனைவி அங்கதானே இருக்காங்க? பாத்து மூணரை வருஷம் ஆகுது. அவங்களைப் பாக்கப் போறேன்னு ஏன் சொல்லலை? எதை மறைக்கிறீங்க?"

எதை மறைக்கிறேன்? நாற்பத்தோரு வயது வாத்தியார், சாப்பிட உட்காரும்போது இன்னமும் இரண்டு தட்டு எடுத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்கிறான் என்பதை மறைக்கிறேன். இதை மைக்கில் சொல்ல முடியுமா?

"போற வழியில அவங்களையும் பாப்பேன்," என்றேன்.

மனைவியையே மறைக்கிறவன் போனால் திரும்பி வருவான் என்று யார் நம்புவார்கள்? அவர்கள் சந்தேகப்பட்டதில் நியாயம் இருக்கிறது. விசா இல்லை என்று சொல்லி, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு முத்திரை குத்திக் கொடுத்தார்கள். ரெக்ஸின் பையை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் அண்ணாச்சி காபி வாங்கிக் கொடுத்தார்.  டம்ளரை வைத்துவிட்டு, "என்ட்டயாவது சொல்லியிருக்கலாம்லா வே?" என்று மட்டும் கேட்டார்.

ஊர் திரும்பிய அன்று காலை, வண்ணார்பேட்டை எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். கண்ணாடிக் கதவு முழுசாகச் சாத்தாது. வெளியே பெஞ்சில் மூன்று பேர் காத்திருந்தார்கள்.

"கெடைக்கலை எஸ்தர்."

"ஏன்? என்ன கேட்டாங்க?"

"எதுக்குப் போறீங்கன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

பொய் சொல்லியிருக்க வேண்டிய இடம் இதுதான். பாருங்கள், இங்கே போய் உண்மையைச் சொன்னேன்.

"ஊர் சுத்திப் பாக்கன்னு சொன்னேன்."



"அவங்க சரியாத்தான் செஞ்சிருக்காங்க," என்றாள். அழவில்லை. நோயாளியிடம் பேசுகிற அமைதியான குரல். "என்னைப் பாக்க வராத ஆளுக்கு எதுக்கு விசா?"

நான் மீட்டரில் ஏறுகிற ரூபாயைப் பார்த்தேன்.

"சரி, இப்பமாவது சொல்லுங்க. நான் வரவா, இருக்கவா?"

பூத்காரர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"உன் இஷ்டம்," என்றேன்.

"சரி. வச்சுருதேன்."

அதற்கப்புறம் நான் போன் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை. ஜூன் முடிய இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. இந்த இதழ் அச்சாகி ஏர்மெயிலில் போய்ச் சேருவதற்குள் அவள் கையெழுத்துப் போட்டிருக்கவும் கூடும்.

விசாவுக்கு மறுபடி விண்ணப்பிக்கலாமாம். எஸ்தரிடம் விண்ணப்பிக்க என் கையில் இருக்கிற படிவம் இந்தப் பத்தி ஒன்றுதான். பூத்தில் மூன்று பேர் முன்னால் வராத வார்த்தையை, உங்கள் அத்தனை பேர் முன்னாலும் எழுதிவிடுகிறேன்.

வா, எஸ்தர்.