முத்தையனின் ஊரில்

வடக்கனந்தலில் மலையைப் பார்த்த கொல்லையில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்குகிறார்கள். நான் போர்ட் பிளேரிலிருந்து வந்திருக்கிறேன். அந்தமானுக்குக் கைதியாகக் கப்பலேற்றப்பட்ட என் கொள்ளுத்தாத்தா முத்தையனுக்கு இதுதான் ஊர் என்று பழைய சிறைப் பதிவேடு சொல்கிறது. டீக்கடையில் விசாரித்ததும், அவருடைய தம்பியின் பேத்தி செல்வியிடம் என்னைக் கொண்டுவந்து விடுகிறார்கள். அவர் கையிலிருக்கும் மண்ணைக்கூடத் துடைக்காமல் என் முகத்தையே பார்க்கிறார்.

"போனவரப் பத்தி ஒரு சேதியும் வர்லீங்க. அவரு பொண்டாட்டி அஞ்சல சாவற வரிக்கும் தாலிய கயட்டவே இல்லன்னு எங்கப்பா சொல்வாரு. அங்க இன்னாதான் ஆனாரு?"



"தண்டனை முடிஞ்சதும் அங்கயே வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. அந்த வழியிலதான் நாங்க."

செல்வி கையிலிருந்த மண்ணை முந்தானையில் துடைக்கிறார்.

"அப்ப கடசில பக்கத்துல ஆளுங்க இருந்தாங்களா?"

"இருந்தாங்க. பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க எல்லாரும்."

"அது போதும். நான் உனக்கு அத்த மொற. வூட்டுக்கு வா, சாப்ட்டுப் போவலாம்."

வரப்பில் அவர் பின்னால் நடக்கிறேன். அஞ்சலையின் கடைசி நாளில் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.