துண்டுக்குப் பின்னால் ஒரு முகம்

எங்கள் சித்தப்பாவைப் பெண் பார்க்கக் கூப்பிட்டால் வர மாட்டார். இடிந்த சுவர் என்றால் சேக்காட்டிலிருந்து பூந்தமல்லிவரை சைக்கிள் மிதிப்பார். அவர் கழுத்தில் பெட்டிக் கேமரா தொங்கும். பார் கம்பியில், பாவாடை சக்கரத்தில் சிக்காமல் பிடித்துக்கொண்டு நான். அறுபதுகளின் கடைசி அது. "நாலு கல்யாணத்தைப் போட்டா புடிச்சாலும் புண்ணியமா போவும்" என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

கரையான்சாவடியில் கூரை விழுந்துபோன அரிசி ஆலை ஒன்று இருந்தது. அதன் மதிலை ஒட்டிக் கைவண்டி இழுக்கிறவர் ஒருவர் குடிசை போட்டிருந்தார். சித்தப்பா ஞாயிறுதோறும் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, மதிலையும் அந்த நிழலில் ஒதுங்குகிற முன்பின் தெரியாத ஜனங்களையும் பார்த்துக்கொண்டே இருப்பார். பொறை பிஸ்கட் கிடைக்கும் என்பதால் நானும் பார்ப்பேன்.

வண்டிக்காரரைப் படமெடுக்க அவருக்கு ரொம்ப நாள் ஆசை. ஒருநாள் கேமராவைத் தூக்கியதும் அந்த மனுஷர் தோள் துண்டை இரண்டு கையாலும் விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"வாணாம் நைனா. போட்டா புட்ச்சா ஆயுசு கொறஞ்சிடும்."

சித்தப்பா சிரித்துக்கொண்டே அமுக்கிவிட்டார். நானும் சிரித்தேன்.

அந்த ஐப்பசியில் விடாத மழை. ஊறிப்போன மதில் குடிசையின் மேலேயே சாய்ந்தது. தண்ணீர் பிடிக்கப் போயிருந்த பெண்டாட்டி பிழைத்தாள். உள்ளே படுத்திருந்தவர் போய்விட்டார்.

அந்த அம்மாள் விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தாள். "காரியத்துக்கு மாலை போட ஒரு மூஞ்சி வேணும் நைனா. ஊட்ல ஒரு போட்டாகூட இல்ல. நீ அவர புட்ச்சேன்னு டீக்கடையில சொன்னாங்கோ."

சித்தப்பாவுக்கு முகம் செத்துப்போனது. படத்தை எடுத்துவந்தவர், கொடுக்க மனம் வராமல் கையிலேயே வைத்திருந்தார். "மூஞ்சி விழலைம்மா" என்றார். அவளே வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். துண்டைப் பிடித்திருந்த விரல்களைத் தடவி, "அவரு கைதான்" என்றாள்.

காரியத்தன்று சித்தப்பா என்னையும் கூட்டிப்போனார். சட்டம் போட்ட படத்துக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். அவள் சந்தனத்தைத் தொட்டு, கொஞ்சமும் தயங்காமல், துண்டின் மேல் ஓரிடத்தில் பொட்டு வைத்தாள்.

திரும்பும்போது சித்தப்பா சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே வந்தார். அவர் கழுத்தில் கேமரா இல்லை. "துணிமேல யாராவது பொட்டு வைப்பாங்களா சித்தப்பா?" என்று கேட்டுச் சிரித்தேன். துண்டுக்குப் பின்னால் நெற்றி எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும் என்பது அன்று எனக்குப் புரியவில்லை.