ஷிப்ட் மாறும்போது அணைந்த விளக்கு

அலுவலகத்தில் எல்லோரும் அவளை விளக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். முதியோர் இல்லங்களில் அறைக் கதவுக்கு மேலே எரிகிற விளக்கு எப்போது எந்த நிறத்துக்கு மாற வேண்டும் என்று சொல்லும் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்டை எழுதுவது அவள் வேலை. படுக்கையில் இருப்பவர் பொத்தானை அழுத்தினால் சிவப்பு. பணிப்பெண் உள்ளே வந்து சுவர்ப் பொத்தானைத் தட்டினால் மஞ்சள். வேலை முடிந்தால் அணைந்துவிடும். ஒரு விளக்கை எரியவைக்கவா இத்தனை படிப்பு என்று அவள் கணவன் சிரிப்பான். லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். மீதிப் பாதி நாளில் கூடச் சேர்ந்து சிரிக்க அவளுக்குத் தெம்பு இருக்காது.

சிவப்பு விளக்கு, யாரும் போய்ப் பார்க்காமல் அணையக் கூடாது. விதி அவ்வளவுதான். ஆனால் விளக்கை அணைக்கும் வழிகள் பல. சுவர்ப் பொத்தானால் அணைக்கலாம், பணிப்பெண்களின் போனால் அணைக்கலாம், முன்னறைக் கம்ப்யூட்டரால் அணைக்கலாம். இது போதாதென்று, ஷிப்ட் மாறும்போது அணைக்க மறந்து மிச்சம் மீதி எரிகிற விளக்குகளைத் தானாகவே அணைத்துவிட ஸ்கிரிப்டில் ஒரு பகுதி வேறு. ‘சிவப்பா? அப்படியானால் அணைக்காதே’ என்ற அதே வரியை அவள் ஒவ்வொரு வழியிலும் ஒட்டி வைத்திருந்தாள்.

அது சரியில்லை என்று அவளுக்கே தெரியும். அணைக்கிற வேலையை ஒரே இடத்தில் வைத்து, யார் எந்த வழியில் வந்தாலும் அங்கே கேட்டுத்தான் அணைக்க வேண்டும் என்று ஆக்கியிருக்க வேண்டும். அதற்கு டீம் லீடரிடம் நேரம் கேட்டாள். ஓடுகிறதை எதற்கு நோண்ட வேண்டும் என்றார். மறுபடி கேட்டாள், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். அந்த அடுத்த மாதம் எந்தக் காலண்டரிலும் வராத மாதம். கொஞ்ச நாளில் அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

இதற்கிடையில் மாமனார் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். பகலில் வீட்டில் ஆளில்லை. முதியோர் இல்லத்தில் விடலாம் என்ற பேச்சு வந்தபோது கணவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள்தான் வற்புறுத்தினாள். என் விளக்குகள் எரிகிற இல்லம்தான், அழுத்தினால் ஆள் வரும், அதற்கு நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தாள். நீ சொன்னால் சரி என்று மாமனார் பெட்டியைக் கட்டிக்கொண்டார். போன இடத்திலும் மனிதர் சும்மா இருக்கவில்லை. காலையில் பேப்பரை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, கண் தெரியாதவர்களுக்கெல்லாம் தன் கருத்தையும் சேர்த்துச் செய்தி சொல்வார்.

பிறகு இல்லத்துக்காரர்கள் புதிதாக ஒன்று கேட்டார்கள். சிவப்பு ரொம்ப நேரம் எரிந்தால் விட்டுவிட்டு மினுக்க ஆரம்பிக்க வேண்டும், பார்க்கிறவர் கண்ணை உறுத்த வேண்டும் என்றார்கள். நியாயமான ஆசை. அவள் மினுக்கல் என்று ஒரு புதிய நிலையைச் சேர்த்தாள். இனி ‘சிவப்பா, அல்லது மினுக்கலா?’ என்று கேட்க வேண்டும். ஒட்டிய இடங்களையெல்லாம் தேடித் தேடித் திருத்தினாள். அன்று அவளுக்குக் காய்ச்சல், தலை பாறையாகக் கனத்தது. பொத்தானை அழுத்திப் பார்த்தாள், விளக்கு அழகாக மினுக்கியது. வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

சில வாரம் கழித்து இல்லத்தின் மேற்பார்வையாளர் அம்மாள் போன் செய்தார். கெட்ட செய்தி சொல்லிச் சொல்லிப் பழகிய இதமான குரல். மாமனாருக்கு மறதி ஆரம்பித்திருக்கிறது போலிருக்கிறது, விடியற்காலையில் படுக்கையை நனைத்துவிடுகிறார், கேட்டால் பெல் அழுத்தினேன் என்று சாதிக்கிறார், காலை ஆட்கள் வந்து கம்ப்யூட்டரில் பார்க்கும்போது அவர் அறை விளக்கு எரிவதே இல்லை என்றார். மறதிக்காரர்களை வைத்திருக்கும் மேல் மாடிக்கு மாற்றிவிடலாம், வந்து சம்மதம் சொல்லிவிட்டுப் போங்கள் என்றார். மேல் மாடிக் கதவு எப்போதும் வெளியிலிருந்து பூட்டியிருக்கும். போனவர்கள் யாரும் கீழே திரும்பி வந்ததில்லை.

அவள் போனபோது பேப்பர் பிரிக்காமல் கிடந்தது. மாமனார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மருமகளுக்குத் தெரிந்துவிட்டதே என்ற கூச்சம்.

“அழுத்துனேன்னுதான் நெனச்சேன்ம்மா. எல்லாரும் இல்லைங்கிறாங்க. இப்போ எனக்கே சந்தேகமா இருக்கு.”

அவருக்கே அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது அவளுக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, என்ன பார்த்தீர்கள் என்று மெல்லக் கேட்டாள். கதவுக்கு மேலே இருந்த கண்ணாடியை அவர் காட்டினார். வெளியே எரியும் விளக்கின் வெளிச்சம் அதன் வழியாக உள்ளே விழும்.

“செவப்பா எரிஞ்சுது. அப்புறம் மினுக்கிச்சு. காலை ஆளுங்க வர்ற சத்தம் கேட்டுச்சு, டக்குனு அணைஞ்சுடுச்சு. சரி, யாரோ வர்றாங்கன்னு பொறுத்துக்கிட்டேன். யாரும் வரல.”

காலை ஆட்கள் வரும் நேரம்தான் ஷிப்ட் மாறும் நேரம்.

அலுவலகத்துக்குப் போய்த் திறந்து பார்த்தாள். எல்லா இடத்திலும் திருத்தியிருந்தாள், ஷிப்ட் மாறும் பகுதியைத் தவிர. அங்கே பழைய வரி அப்படியே இருந்தது. அது ‘சிவப்பா?’ என்று மட்டும் கேட்டு, மினுக்குவது சிவப்பில்லை என்று முடிவு கட்டி அணைத்துத் தள்ளியிருக்கிறது. ஆக, யார் அதிக நேரம் காத்திருந்தாரோ அவருடைய விளக்காகப் பார்த்து அணைந்திருக்கிறது. அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. அழுகை வரவில்லை, அதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

இந்த முறை யாரிடமும் கேட்கவில்லை. ஒட்டிய வரிகளையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, அணைக்கும் வேலை முழுவதையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தாள். விதியும் அங்கே மட்டும். நாளைக்கு இன்னொரு நிலை சேர்ந்தாலும் திருத்த வேண்டிய இடம் ஒன்றுதான். டீம் லீடர் ஏதோ சொல்ல வந்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலிக்கே போய்விட்டார். தவறு எங்களுடையது என்று இல்லத்துக்குப் போன் செய்து சொன்னாள். மாமனாரை மாற்றும் பேச்சு அத்தோடு நின்றது.

மறுநாள் நேராக அவரிடம் போனாள்.

“மாமா, நீங்க அழுத்துனது நெசம். நான் எழுதுனதுலதான் தப்பு. உங்க ஞாபகத்துக்கு ஒண்ணும் ஆகல.”

அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் அவள் அந்தத் தோளில் கை வைத்தபடி இருந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளுக்கு மூச்சு சீராக வந்தது. துண்டை இறக்கியபோது அவர் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

“பக்கத்து ரூம் வாத்தியாரும் இதையேதான்ம்மா சொன்னாரு. மினுக்கிச்சு, அணைஞ்சுபோச்சுன்னு. நான்கூட பாவம், மறதின்னு நெனச்சேன். அவர மேல கொண்டுபோயிட்டாங்க.”

அவள் எழுந்தாள். மாடிப்படி ஏறினாள். பூட்டிய கதவின் மணியை அழுத்திவிட்டு நின்றாள். பணிப்பெண் கதவைப் பாதி திறந்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். வாத்தியாரை என்றாள். அவருக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று அடுத்த கேள்வி வந்தது.

“உறவெல்லாம் இல்லைங்க,” என்றாள் விளக்கம்மா. “அவர் வெளக்க அணைச்சது நான்தான்.”