அக்கா கொடுத்த புல்லாங்குழல்

அந்த லாரி டிரைவருக்கு அக்கா பேச்சென்றால் மறுபேச்சு கிடையாது. அப்பா அம்மா போன பிறகு அவரை வளர்த்து ஆளாக்கியவள் அவள். அதை அவரும் மறக்கவில்லை, அவளும் மறக்க விட்டதில்லை. அத்தான் போட்டுச் சலித்த சட்டை, கைப்பிடி உடைந்த குக்கர், முனகிக்கொண்டே சுற்றும் ஃபேன் என்று அக்கா வீட்டில் கழித்துப் போட்டதெல்லாம் இங்கே வந்து குடியேறும். மனைவி முகம் சுளித்தால், "அவ இல்லேன்னா நான் இல்ல" என்று வாயை அடைத்துவிடுவார்.

மகளுக்குப் பள்ளி இசைக்குழுவில் புல்லாங்குழல் படிக்க இடம் கிடைத்தது. பழைய வாத்தியங்கள் விற்கும் கடைக்கு அவளைக் கூட்டிப்போனார். கடைக்காரர் சில உலோகக் குழல்களை மேஜையில் பரப்பினார். அவள் ஒவ்வொன்றாக எடுத்து ஊதினாள். கறுத்துப்போய், மேலெல்லாம் கீறல் விழுந்திருந்த ஒன்றில்தான் அடிச்சுரம் நடுங்காமல் கனமாக எழும்பியது.

"அப்பா, இதுதான்ப்பா."

"பாக்க அழுக்கா இருக்கேம்மா?"

"காதுக்கு அழுக்கா இல்லையே!"

சிரித்துவிட்டார். எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

அன்று மாலையே விஷயம் அக்கா காதுக்குப் போய்விட்டது. போனில் பிடித்துக்கொண்டாள்.

"என் பையனோடது பீரோவுல சும்மா தூங்குது. நீ கடை கடையா அலையுறியா? அப்ப நான் யாருடா உனக்கு?"

"புள்ள ஊதிப் பாத்து எடுத்தது. அதையே வாங்கிடுங்க" என்றாள் மனைவி.

"அக்கா மனசு நோகும்."

மகள் மனசைப் பற்றி அந்த வீட்டில் அன்று பேச்சே எழவில்லை.

அக்கா கொடுத்த குழல் வெல்வெட் பெட்டிக்குள் பளபளவென்று படுத்திருந்தது. மேல் சுரங்கள் பிசகில்லாமல் வந்தன. கீழே இறங்கினால் வெறும் காற்றுதான். உதடு மரத்து, தலை கிறுகிறுக்கும்வரை மகள் ஊதினாள்.

"கீழ வரவே மாட்டேங்குதுப்பா."

"அத்தை பையன் இதுலதானே கத்துக்கிட்டான்? உனக்கு மூச்சு பத்தல. நல்லா சாப்பிடு, நல்லா ஊது."

வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடிய இசை மாஸ்டரும் அதையேதான் சொன்னார். ஆண்டு விழாவில் அவளைக் கடைசி வரிசையில் நிறுத்தினார்கள். டிரைவர் கை சிவக்கத் தட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "நான் ஊதவே இல்லப்பா. சும்மா வாயில வச்சுக்கிட்டு நிக்கச் சொன்னாங்க."

அதன் பிறகு அவள் வகுப்புக்குப் போகவில்லை.

ஒருநாள் அக்கா வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவள் பையன் கேட்டான்: "மாமா, அவ இன்னும் அதையா ஊதுறா? அதுல ஓட்டைய அடைக்கிற ஒரு மூடி சரியா உக்காராதே. கீழ் சுரம் வராது. அதனாலதானே எனக்குப் புதுசு வாங்கினாங்க?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அக்கா தலை நிமிராமல் காய் நறுக்கினாள்.

"தெரிஞ்சேதான் கொடுத்தியாக்கா?"

"சின்னப் புள்ள கத்துக்க அது போதாதா? சும்மா கொடுத்ததுக்கு இவ்வளவு விசாரணையா?"

வீட்டுக்கு ஓடிவந்து மகளிடம் சொன்னார். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்திருந்தார். அவள் கணக்குப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உன் மேல தப்பே இல்லடா. அந்தக் கடைக்கே போவோமா?"

"வேணாம்ப்பா. ஒரு தடவைகூட மாஸ்டர்கிட்ட கொடுத்து, இத ஊதிப் பாருங்கன்னு நீங்க கேக்கலையே."

மறுநாள் குழலைக் கொண்டுபோய் அக்கா மேஜையில் வைத்தார். அவள் பெட்டியைத் திறந்து கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். நன்றி கெட்டவன் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லித் தீர்த்தாள்.

அடுத்த மாதம் அவள் வீடு மாறினாள். சாமான் ஏற்ற லாரி வேண்டுமென்று போன் வந்தது. அவர் சாவியை எடுத்தார். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கூட வருகிறாயா என்று மகளைக் கேட்டார். அவள் எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.