மதகு வாய்க்குக் கீழே

வைகாசி வெயிலில் வற்றிக் கிடந்த ஏரிக்குள் அன்று வண்டல் வெட்ட இறங்கியவர்கள்: நைனா, அம்மா, செலியமேட்டிலிருந்து வண்டியோடு வந்த மாமா, எங்களைப் போலவே கடைமடையில் பயிர் வைக்கும் இரண்டு குடும்பங்கள், நான். வராதவர்கள் தலைமடைக்காரர்கள். மதகைத் திறந்தால் முதல் தண்ணீர் அவர்களுக்கு. கடைசி வயலான எங்களுக்கு மிச்சம் இருந்தால் வரும்.

போன தையில் மிச்சம் இல்லை. மிகுதித் தண்ணீர் வெளியேறும் கலிங்கல் வழிய ஏரி நிரம்பியும், நெல் பால் பிடிக்கும் நேரத்தில் மதகு வறண்டுவிட்டது. நிலத்துக்காரர் நைனாவிடம் சொல்லிவிட்டார்: “வர்ற வருஷமும் பதராப் போச்சுன்னா வேற ஆளுக்கு வுட்டுடுவேன்.”

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் போய்த் தேறியவன் நான். நிரம்பிய ஏரி ஏன் போதவில்லை என்று விளக்குவது என் கடமை என்று நினைத்தேன். மழைக்காலத்தில் வரத்து வாய்க்கால் செக்கச்செவேலென்று ஓடி வரும். ஏரிக்குள் நுழைந்ததும் வேகம் அடங்கும். மணல் அங்கேயே விழுந்துவிடும். மெல்லிய சேறு மட்டும் கரைவரை வந்து மதகருகே படியும். வருஷா வருஷம் ஏரியின் அடி மேலே வருகிறது, கலிங்கல் அதே உயரத்தில்தான் இருக்கிறது.

“பானை அதேதான் நைனா. உள்ள பாதி மண்ணு.”

“இதுக்கா அத்தினி வருஷம் படிச்ச?” என்றார் மாமா. நைனா மண்வெட்டியை எடுத்தார்.

வெட்ட வெட்ட, குழிச் சுவரில் ஒவ்வொரு வருஷத்துச் சேறும் வரிவரியாகத் தெரிந்தது. ஒரு தடித்த வரியை மாமா தொட்டுக் காட்டினார்.

“இது உங்கம்மா கண்ணாலத்தப்ப அடிச்ச வெள்ளம்டா. சீரெல்லாம் நனைஞ்சி போச்சு.”

“நனையற மாதிரி நீ இன்னா கொண்டாந்த?” என்றாள் அம்மா, கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே.

மதகு வாயின் மட்டத்துக்கு ஒரு கல் வைத்தேன். “இதுக்குக் கீழ வெட்டாதீங்க. அங்க நிக்கிற தண்ணி மதகு ஏறாது.”

யார் கேட்டார்கள்? வயலுக்கு அடிக்க அதைவிட நல்ல எரு கிடையாது. “வெண்ணெ மாதிரி வண்டல்டா, நிறுத்தச் சொல்றியே!” என்றார் நைனா. ஆடி வரை வண்டிகள் ஓயவில்லை. மதகின் முன்னால் அரைக்காணிப் பரப்புக்கு, கல்லுக்குக் கீழே ஓர் ஆள் ஆழம் போய்விட்டார்கள்.

ஐப்பசியில் ஏரி நிரம்பியது. தை பாதியில் மதகு மறுபடியும் நின்றது. நெல் அப்போதுதான் பால் பிடித்திருந்தது. ஏரி முழுக்கச் சேறு காயத் தொடங்கியிருக்க, எங்கள் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் தளும்பியது. மீன் வேறு துள்ளியது.

“ஏறாதுன்னு சொன்னேனே நைனா.”

“அதுவா ஏறாட்டி நாம ஏத்துவம். இறைகூடய எடுத்தாடா.”

ஆளுக்கு இரண்டு கயிறு பிடித்து இருவர் வீச, கூடைத் தண்ணீர் மதகு வாயில் போய் விழுந்தது. ஆனால் மூன்று குடும்பத்துக் கைகள் போதவில்லை. தலைமடைக்காரர்கள் முன்னதாகவே நட்டு அறுப்பை முடித்தவர்கள். கரையில் நின்று சிரித்தார்கள்.

“இன்னாப்பா, ஏரிக்கே தண்ணி எறைக்கிறீங்களா?”

“வேடிக்க பாக்கறவங்களுக்கு மீனு கெடையாது,” என்று அம்மா கீழேயிருந்து குரல் கொடுத்தாள். “கூடய புடிச்சாத்தான்!”

சற்று நேரத்தில் அவர்கள் வீட்டு இறைகூடைகளும் இறங்கின. வாய்க்காலில் தண்ணீர் நகர்ந்து நகர்ந்து எங்கள் கடைசி வரப்பைத் தொட்டபோது நைனா வயலுக்குள் இறங்கி நின்றுகொண்டார். கூப்பிட்டும் வரவில்லை.

பள்ளம் வற்றிய அன்று விராலும் கெளுத்தியும் கூடை கூடையாக வந்தன. கரையிலேயே குழம்பு கொதித்தது.

“அடுத்த வருஷமும் மறக்காம அந்தக் கல்ல வையிடா மாப்ள,” என்றார் மாமா. “அதுக்குக் கீழ எவ்ளோ வெட்டணும்னு எங்களுக்குத் தெரிய வேணாமா?”

கதிர் முற்றியது. நிலத்துக்காரர் களத்துக்கு வந்து தன் பங்கை அளந்துகொண்டு, வேற ஆள் பேச்சை எடுக்காமலே போனார். கூடைக்குக் கயிறு, குழம்புக்குப் புளி, மிளகாய், எண்ணெய், கூடை பிடித்தவர்களுக்குக் கள், எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு மூன்றே கால் ரூபாய்.